பெட்டி வண்டி ஏன் இன்னும் ஓடுகிறது? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓடுவது அப்பா வாங்கிப்போட்ட 1989 மாடல் மகிந்திரா எம்எம் 540. காபி பார்க்க வருகிறவர்கள், உறவுக்காரப் பையன்கள், பண்ணைக்காட்டு டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என எல்லோரும் இந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் மெக்கானிக் இல்லை, முப்பது வருடமாக இதை ஓட்டுகிறவன், அவ்வளவுதான்.

"அண்ணே, இது ஜீப்பா, தாரா? ரெண்டும் ஒண்ணுதானே?"

மலையில் கேட்டால், பெட்டியாட்டம் இருந்து நாலு சக்கரமும் இழுத்தால் அது ஜீப். உண்மையில் ஜீப் என்பது ஒரு கம்பெனியின் வண்டிப் பெயர். 1941 முதல் வில்லிஸ் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகொடுத்த வண்டியிலிருந்து வந்தது. 1947-இல் மகிந்திரா அந்த வில்லிஸ் வண்டிகளின் பாகங்களை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் 80-களில் வந்தது எங்கள் எம்எம் 540. 2010-இல் வந்த மகிந்திரா தாரும், 2020-இல் மாற்றி விட்ட தாரும் இதற்குப் பேரன் முறை.

1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸி வேறு குடும்பம், சுசுகி வீட்டுப் பிள்ளை. ஆனால் எங்கள் ஊரில் அதற்கும் பெயர் ஜிப்ஸி ஜீப்தான்.

"டப்பா மாதிரி இருக்கே, இதை யாரு சார் டிசைன் பண்ணது?"

உட்கார்ந்து அழகு பார்த்து யாரும் வரையவில்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டது: இலேசான, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் கைக்கு வரவேண்டும் என்று. பான்டம் என்ற சின்னக் கம்பெனி ஒப்புக்கொண்டு கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டது. அவர் சில நாளிலேயே வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பரில் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. தட்டைத் தகட்டை மடித்து, வெட்டி, ஒட்டினால் வேலை முடிந்தது. வளைவு வேண்டுமென்றால் அதற்குப் பெரிய அச்சு வேண்டும், நாளும் பணமும் வேண்டும்.

லேண்ட் ரோவர் கதையும் இப்படித்தான். ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் போரில் கழித்த ஒரு ஜீப்பை வைத்திருந்தார். 1947-இல் கடற்கரை மணலில் குச்சியால் தன் வண்டியை வரைந்து காட்டினார் என்பார்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் எஃகுக்கு ரேஷன். அதனால் அலுமினியக் கலவைத் தகட்டில் பாடி கட்டி 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் நிறுத்தினார்கள். முதல் வண்டிகளின் இளம்பச்சைகூட ராணுவ விமானங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்தான்.

"சரி, அவசரத்துல செஞ்சாங்க. எண்பது வருஷம் கழிச்சும் ஏன் அதையே செய்றாங்க?"

இதற்குப் பதில் சொல்வதைவிட டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்துவிடுவேன். உட்கார்ந்ததும் முதலில் தெரிவது இரண்டு மட்கார்டு நுனிகள். வண்டி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். லாஸ் காட் ரோட்டில் வளைவில் பஸ் இறங்குகிறது, நாம் ஒதுங்க வேண்டும், இடது பக்கம் வாய்க்கால் என்று வையுங்கள். அந்த நேரத்தில் இடது மட்கார்டு நுனிக்கும் வாய்க்கால் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறதா என்று பார்த்தே ஒதுங்கலாம். உருண்டு இறங்கும் பானட் உள்ள காரில் அந்தச் சாண் மனக்கணக்குதான். பின்னாலும் அப்படியே: கண்ணாடி முடிகிற இடத்தில் வண்டி முடிகிறது. களத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது யாரும் "வரலாம், வரலாம்" என்று கத்த வேண்டியதில்லை.

அடுத்தது சுமை. மூட்டையைச் சாய்ந்த சுவருக்குள் அடுக்கிப் பாருங்கள், மேலே போகப்போக இடம் வீண். நேர்ச்சுவர் என்றால் சவ்சவ் மூட்டை ஒன்றன்மேல் ஒன்று கூரை வரை ஏறும். அதன்மேல் இரண்டு மலைவாழைத் தாரைக் குறுக்கே போடலாம். பின்கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேசை, தராசும் நோட்டும் அதன்மேல்தான். தட்டையான மட்கார்டு என்ன வேலை செய்கிறது என்று எந்த விளம்பரத்திலும் வராது. எங்கள் வீட்டில் அது டீ கிளாஸ் வைக்கும் இடம், அரிவாள் வைக்கும் இடம், மிளகு பறிக்க வரும் பாட்டி மழை விடும்வரை உட்காரும் இடம். முப்பது வருடம் உட்கார்ந்ததில் வலது மட்கார்டில் மட்டும் பெயின்ட் தேய்ந்து வட்டமாகப் பளபளக்கிறது.

யாரோ அவசரத்துக்குப் போட்ட கோடுகள் ஒவ்வொன்றும் தோட்டத்துக்காரனுக்கு ஒரு வேலைக்கு உதவிவிட்டன. வேலை மாறவில்லை, கோடும் மாறவில்லை.

"முன்னாடி செவுரு மாதிரி இருக்கு. காத்து தள்ளாதா? மைலேஜ் என்ன வரும்?"

தள்ளும். வேகம் மூன்று மடங்கானால் காற்றின் எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். இது 30-இல் போகிற வண்டிக்கும் 90-இல் போகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம். மலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நான் 30-ஐத் தொடுவதே பெரிது. அந்த வேகத்தில் டீசலைத் தின்பது காற்று இல்லை, ஏற்றமும் மூட்டையும்தான். திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் இதே வண்டியை எண்பதில் ஓட்டினால் படுதா படபடவென்று அடித்துக்கொள்ளும், பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது, டீசல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தினமும் மதுரைக்குப் போய்வருகிறவருக்கு இந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

"இடிச்சா செலவு எவ்ளோ ஆகும்?"

ஒரு ஐப்பசி மழையில் சேற்றில் சறுக்கி சில்வர் ஓக் மரத்தில் இடது மட்கார்டை வைத்துவிட்டேன். தகடு மடங்கி டயரில் உரசியது, சக்கரம் சுற்றவில்லை. வெட்டிப்போட்ட மரக்கட்டை ஒன்றை உள்ளே முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து இரும்புக் கடப்பாறையின் தலையால் பத்துப் பதினைந்து தட்டு. உரசல் நின்றது, வீட்டுக்கு வந்துவிட்டேன். மறு வாரம் டிங்கர் கடையில் போல்ட்டைக் கழற்றி, மட்கார்டைத் தரையில் போட்டு நிமிர்த்தி, திரும்ப மாட்டினார்கள். மடிந்த கோடு இன்னும் தெரியும், விரலால் தடவினால் தட்டுப்படும்.

தட்டைக் கண்ணாடிக்கும் இதே லாபம். முன் கண்ணாடி போனால் அளவு சொல்லிக் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கலாம், லேமினேட் செய்த கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். வளைந்த கண்ணாடி என்றால் அந்த மாடலுக்கென்று வரவழைக்க வேண்டும், அதுவரை படுதாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பம்பர் ஏன் இவ்ளோ குட்டையா இருக்கு? அடியில இவ்ளோ இடைவெளி எதுக்கு?"

சக்கரத்துக்கு முன்னால் வண்டி நீண்டிருந்தால் மேட்டில் முதலில் முட்டுவது மூக்கு. சக்கரம் மூலையிலேயே இருந்தால் மேட்டில் முதலில் ஏறுவது டயர். இதைக் கோணமாக அளந்து சொல்வார்கள். 2020 தாருக்கு முன்பக்கம் 41.8 டிகிரி, பின்பக்கம் 36.8 டிகிரி, அடியில் தரைக்கு 226 மில்லிமீட்டர். 2023-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னிக்கு அடியில் 210.

எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் தோட்டத்துப் பாதை நடுவில் இடுப்பெலும்பு மாதிரி ஒரு பாறை உண்டு. முன்னும் பின்னும் எவ்வளவு தூக்கியிருந்தாலும் இரண்டு அச்சுக்கும் நடுவே வண்டி நீளமாக இருந்தால் வயிறு அதில் தட்டும். குட்டை வண்டி அங்கே தப்பிக்கும்.

"ஸ்டெப்னிய ஏன் முதுகுல மாட்டிருக்காங்க?"

அடியில் தொங்கவிட்டால் மேலே சொன்ன பின்கோணம் போய்விடும், உள்ளே வைத்தால் ஒரு மூட்டை இடம் போய்விடும். மிச்சமிருப்பது முதுகு. கதவிலேயே ஸ்டெப்னி மாட்டிய புது வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு: சரிவில் நிறுத்திக் கதவைத் திறந்தால், அந்தக் கனத்தில் தானாக வந்து முழங்காலில் அறையும். கதவின் பூட்டுத்தாங்கி பிடித்ததா என்று பார்த்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

"ஃபோர் வீல் போட்டா எங்கயும் மாட்டாதுல்ல அண்ணே?"

மாட்டும், இன்னும் உள்ளே போய் மாட்டும். எங்கள் வண்டியில் ஒவ்வொரு அச்சிலும் பிடிப்பு இல்லாத சக்கரம் இருந்தால் அந்தச் சக்கரம்தான் சும்மா சுற்றும், மற்றது நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிரெதிர் மூலையில் சக்கரம் தொங்கினால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியும் நகராது. இதற்குத்தான் ஃபோர்ஸ் கூர்க்கா போன்றவற்றில் அச்சின் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி இரண்டு அச்சுக்கும் பூட்டு வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் உதவுவது லோ கியர். கியர் கம்பிக்குப் பக்கத்திலுள்ள சின்னக் குச்சியை லோவில் தள்ளினால் எஞ்சின் இழுப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது, வேகம் அதே அளவு குறைகிறது. மூட்டையோடு ஏறும்போது கிளட்சைக் கருக்காமல் நடக்கிற வேகத்தில் ஏறலாம். இறங்கும்போது அதைவிட உபயோகம், எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

ஒன்று மறக்காதீர்கள்: இந்த மாதிரி வண்டியில் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக் கொண்டை ஊசி வளைவு எடுக்கக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரம் போகும் தூரம் வேறு, பின் சக்கரம் போகும் தூரம் வேறு. சேற்றில் டயர் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் சறுக்க இடமில்லாமல் முறுக்கு முழுவதும் கியர்பெட்டிக்குப் போகும். ஸ்டியரிங் கல்லாகும், அப்புறம் ஒரு நாள் உள்ளே ஏதாவது உடையும்.

"பழசுதான் கெட்டி, புதுசெல்லாம் தகரம்னு எங்க தாத்தா சொல்றாரு. நெசமா?"

தகடு கெட்டிதான், உள்ளே இருக்கிற ஆளுக்கு அது நல்லதில்லை. புது வண்டியில் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் வண்டி நசுங்காது, அடியை அப்படியே நம் நெஞ்சுக்கு அனுப்பும். ஏர்பேக் இல்லை, தலைக்கு மேல் இருப்பது படுதா. உயரமான வண்டி என்பதால் வேகத்தில் ஒடித்தால் கவிழவும் செய்யும். 2020 தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. 2024-இல் வந்த தார் ராக்ஸ் பாரத் என்கேப் சோதனையில் 5 வாங்கியது. பெட்டியாக இருந்தும் பாதுகாப்பாக இருக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. தாத்தாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பிரேக்கும் அப்படியே. பழைய டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் போனால் பிடிக்காது. ஒரு முறை ஓடையைத் தாண்டிய கையோடு இறக்கத்தில் பெடலை மிதித்தேன், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. அன்றைக்கு முதல் கியரும் மண்மேடும் காப்பாற்றின. இப்போதெல்லாம் தண்ணீரிலிருந்து ஏறியதும் சமதரையிலேயே பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிட்டுத்தான் இறங்குவேன். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இந்த பிரேக்குகளை வைத்துத்தான்.

"சென்னையில மண் ரோட்டையே பாக்காதவங்க ஏன் சார் இதை வாங்குறாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் சென்னைக்காரர்தான். உயரமாக உட்காரலாம், நாலாபுறமும் தெரியும், பள்ளத்தில் பயமில்லை என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஜீப் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ரேஞ்சர் வந்தது ஜீப்பில். தாசில்தார் வந்தது ஜீப்பில். ஓட்டுப்பெட்டி மலையேறியது ஜீப்பில், தேர்தலுக்கு முன்னால் மைக் செட் கட்டிக்கொண்டு வந்ததும் ஜீப்தான். மண் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். என் தங்கைக்கு வலி எடுத்த ராத்திரி வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் இந்த வண்டியில்தான், பின்னால் மூட்டைக்குப் பதில் மெத்தை. அதிகாரமும் உதவியும் ஒரே வடிவத்தில் வந்து இறங்கிய ஊர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அந்த ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று ஷோரூமில் நிற்கிறார்கள். அவர்கள் வாங்குவது எதை என்று அவர்களுக்கே பாதிதான் தெரியும். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"டூ வீல் டிரைவ் தார் வாங்கலாமா மாமா? பாக்க அதே மாதிரிதான இருக்கு?"

என் அக்கா மகன் கேட்டது. 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தார் வந்த நாளிலிருந்து இது நிற்கவில்லை. மாப்ளே, நீ மதுரையில் ஓட்டப்போகிறாய், வருடத்துக்கு இரண்டு தரம் கொடைக்கானல் வருகிறாய். கொடைக்கானலுக்கு நல்ல தார் ரோடு, அதில் பழைய மாருதி 800 எல்லாம் நாலு பேரோடு ஏறியிருக்கிறது. உனக்கு நாலு சக்கர இழுப்பு தேவையில்லை. தோற்றம் பிடித்திருந்தால் வாங்கு, தோட்டத்துக்கு மட்டும் மழைக்காலத்தில் அதை இறக்காதே.

எது வேலை செய்கிற பெட்டி, எது வேஷம் போட்ட பெட்டி என்று பார்க்க என்னிடம் ஒரே வழி இருக்கிறது. குனிந்து கயிறு கட்டுகிற கொக்கி எங்கே என்று தேடுவேன். வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் கொக்கி முன்னாலும் பின்னாலும் கண்ணுக்குத் தெரிந்தால், செய்தவர்களுக்கு வண்டி ஒரு நாள் மாட்டும் என்று தெரிந்திருக்கிறது.

"வடிவத்தைக் காப்பி அடிச்சா கேஸ் போடுவாங்களாமே, அப்படியா?"

போட்டார்கள். மகிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை 2018 முதல் விற்றது, ஏறக்குறைய எங்கள் வண்டியை அச்சில் வார்த்தது போல. ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர், இது எங்கள் வடிவம் என்று அங்குள்ள வணிக ஆணையத்துக்குப் போனது. 2020 ஜூனில் தீர்ப்பு மகிந்திராவுக்கு எதிராக வந்தது. முகத்தை மாற்றிச் செய்த ராக்ஸரை அதே ஆண்டு டிசம்பரில் அனுமதித்தார்கள்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். 2016 ஜனவரியோடு நிறுத்திய பழைய டிஃபெண்டரின் வடிவத்துக்கு வணிகச் சின்ன உரிமை கேட்ட ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கை விரித்தது. அந்தச் சாயலில் இனியோஸ் கம்பெனி கிரெனேடியர் என்ற வண்டியைச் செய்து விற்கிறது. எல்லோராலும் ஸ்கேலும் பென்சிலும் வைத்து வரைய முடிகிற வடிவத்துக்கு இவ்வளவு சண்டை.

"ராணுவப் பச்சை அடிச்சு, பெரிய டயர் போட்டு, முன்னால கம்பி வச்சா கெத்தா இருக்கும்ல?"

ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதி அனுமதிக்காது. முன்னால் வைக்கிற கம்பியை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்துவிட்டது. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டயரைப் பெரிதாக்கினால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பாரம் கூடும், கியர் கணக்கும் கெடும். வேண்டாம்.

"புல்வெளியில இறக்கி ஓட்டிக் காட்டுங்களேன், வீடியோ எடுக்கணும்"

மாட்டேன். மேல்மலையின் புல்வெளியும் சோலைக்காடும் பெரும்பாலும் வனத்துறை நிலம், கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அங்கேதான். பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். அதைவிட, சரிவில் டயர் கீறிய தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். எங்கள் பாதையிலேயே அப்படி ஆன பள்ளத்தை வருடா வருடம் கல் போட்டு நிரப்புகிறோம், வலி எனக்குத் தெரியும். வண்டி ஏறாத சரிவுகளில் இன்றைக்கும் குதிரைதான் மூட்டை சுமக்கிறது. அதைப் படம் எடுங்கள், குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு.

"கரன்ட் வண்டி வந்துட்டா இந்தப் பெட்டி போயிடும்ல?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 1979-இலிருந்து பெட்டியாகவே இருக்கும் மெர்சிடிஸ் ஜி வண்டியை 2024-இல் கரன்ட்டில் விட்டார்கள். சக்கரத்துக்கு ஒரு மோட்டாராக நாலு மோட்டார், அடியில் அதே ஏணிச் சட்டம், மேலே அதே பெட்டி. மகிந்திராவும் 2023-இல் கரன்ட் தாரின் மாதிரியைக் காட்டியது, அதுவும் சதுரம்தான். நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பைக் கொடுப்பதால் ஏற்றத்துக்கு மோட்டார் நல்லது, இறக்கத்தில் கொஞ்சம் சார்ஜும் திரும்பும். நெடுஞ்சாலையில் மட்டும் காற்றுக் கணக்கு, முன்னே மைலேஜ் கேள்வியில் சொன்னதுதான், பேட்டரியைச் சீக்கிரம் குடிக்கும்.

"அண்ணே, இதை விக்கிறீங்களா?"

வாரத்துக்கு ஒருவர். 1989 வண்டி, பதினைந்து வருடம் முடிந்து 2004 முதல் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறேன், அடுத்தது 2029. டிரைவர் காலடியில் தகடு துருப்பிடித்து, ரப்பர் பாயைத் தூக்கினால் ரோடு தெரியும். மழையில் படுதா இணைப்பிலிருந்து சொட்டு நேராக இடது முழங்காலில் விழும். இதையெல்லாம் காட்டிய பிறகும் சிலர் விலை கேட்கிறார்கள். காபிப் பழம் எடுக்கிற சமயம் இது, தை முடியட்டும்.